எலும்பு சொன்ன வயது

1

நேற்று என் மகளுக்குப் பதினேழு வயது முடிந்தது. எட்டு மாதத்துக்கு முன்பே அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. இரண்டுமே உண்மைதான் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றுதான் உண்மை. மற்றதற்கு அரசாங்க முத்திரை இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவைப் பற்றி எழுது என்று ஊரிலிருந்து கேட்கிறவர்கள் குளிர் எப்படி, வீடு எப்படி, கங்காரு வாசலுக்கு வருமா என்றுதான் கேட்கிறார்கள். நான் பிள்ளை வளர்வதைப் பற்றி எழுதப்போகிறேன். எந்த மாதம் தவழும், எப்போது இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசும், எந்த வயதில் பல் விழும் என்பதெல்லாம் எனக்கு விரல் நுனியில் இருக்கிறது. பதினான்கு வருடமாக ஒவ்வொன்றையும் இரண்டு கணக்காக எண்ணிவந்தவள் நான். ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை. மாற்றியதெல்லாம் போதும்.

2

எங்களுக்குப் பெரம்பலூர்ப் பக்கம். செட்டிகுளத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் முருகேசன் ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த ஃபிட்டராக இருந்தார். வெளிநாடு போகத் திருச்சியில் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தார். எங்கள் முதல் பெண் நிவேதா அப்போது ஏழு மாதக் குழந்தை. அவளுக்கும் பாஸ்போர்ட் எடுத்தோம். வெள்ளை வேட்டி மேல் படுக்க வைத்து எடுத்த படம். வாயைத் திறந்துகொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

பத்தாம் மாதம் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். ஏரிக்கரையில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். கைக்குழந்தை சாவை ஆபீஸில் போய் எழுதிவைத்தவர்களை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. எழுத வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. ஏஜென்ட்டிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் கார்த்திகையில், விடாத மழையில், டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டாவது பெண் பிறந்தாள். அவர் அதற்கு முன்பே விமானம் ஏறிவிட்டார். முதல் பிள்ளை தவறினால் அடுத்ததை எங்கள் பக்கம் பெற்றவர்கள் தங்கள் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினோம். விலைக்கு வாங்கிய பிள்ளை என்றால் எமன் தொடமாட்டானாம். வாங்கிய பிள்ளைக்குத் தவுடு என்றே பேர் வந்தது. நல்ல பெயர் ஒன்றைப் பிறகு வைக்கலாம் என்று விட்டுவிட்டோம்.

பேச்சு வந்த நாளிலிருந்து அது அவளுக்கு ஒரு விளையாட்டு.

"எவ்ளோ தவுடு?"

"ஒரு மொறம்."

"நெறையவா?"

"கோபுரமா!"

சிரித்துக்கொண்டே மறுபடியும் முதலிலிருந்து கேட்பாள்.

அவளுக்கு இரண்டு வயது முடிந்த சமயத்தில் எனக்கும் பிள்ளைக்கும் விசா வந்தது. செல்வி, நிவேதா என்று இரண்டு பெயர். முதல் மனுவில் இருந்த அதே பெயர்கள். தம்பி குமாரைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனேன். அன்றைக்குத்தான் ஏஜென்ட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என் இடுப்பில் இருந்தவளைப் பார்த்தார்.

"ஏம்மா, பாஸ்போர்ட் இருக்கு, விசா இருக்கு, புள்ளையும் இருக்கு. இதுல என்ன கொறை? மாத்தணும்னா மொதல்லேர்ந்து வரணும். ஒங்க வீட்டுக்காரர் வேலையும் போவும், பாத்துக்குங்க."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. இதை எழுதிவைத்தே ஆக வேண்டும். யாரும் என் கையை முறுக்கவில்லை. விமான நிலையத்தில் அவள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதிகாரி படத்தைப் பார்த்தார், மூடிய கண்ணைப் பார்த்தார், முத்திரை குத்தினார். இரண்டு வயது மூன்று மாதத்தில் என் மகள் நாலு வயதுக்காரியாக இந்த நாட்டில் இறங்கினாள்.

3

வந்து ஒரு மாதத்தில் குழந்தைகள் நல மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, இங்கே எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. நர்ஸ் நல்ல பெண்மணி. எனக்கு மொழி தெரியாது என்று தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்தார். அந்த அம்மா யாழ்ப்பாணம். "பிள்ளை வடிவாக் கதைக்கிறாவோ?" என்று கேட்ட குரலில் அத்தனை பிரியம். எல்லாவற்றையும் அந்தக் குரலிடம் கொட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். என் மகள் உட்கார்ந்துவிட்டாள். ஆள் படம் வரையச் சொன்னார்கள். தாளில் கோடு கோடாகக் கிறுக்கினாள். நிறங்களைக் கேட்டார்கள். எல்லாமே சேப்பு என்றாள். இரண்டே கால் வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்? ஆறு கட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு அவள் கைதட்டியதை நான்தான் பார்த்தேன். அது அந்த வயதுக்குச் சரியான வேலை.

பிறகு பெயர் என்ன என்று கேட்டார்கள்.

"தவுது" என்றாள். ட அப்போது அவளுக்கு வராது.

நர்ஸ் தாளைப் பார்த்தார். அதில் நிவேதா என்று இருந்தது.

"பிள்ளை என்ன சொல்லுறா?" என்று போனில் அந்த அம்மா கேட்டார்.

"சும்மா ஏதோ ஒளறுதுங்க" என்றேன்.

என்ன வயது என்று கேட்டார்கள். ஊரிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் பெருமையாக இரண்டு விரலை நீட்டினாள். கேட்டதில் அவளுக்குத் தெரிந்தது அந்த இரண்டு கேள்விதான். இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். இரண்டிலும் தவறு என்று குறித்துக்கொண்டார்கள்.

4

மழலையர் வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக வைத்தார்கள். அப்படியும் பள்ளிக்கூடம் போகும்போது அவளுக்கு உண்மையில் நாலே கால் வயது. மற்றப் பிள்ளைகள் இவளைவிட ஒரு தலை உயரம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கத் தெரியாமல் பசியோடு வருவாள். மத்தியானம் பாய் மேல் தூங்கிவிடுவாள். பாவாடையை நனைத்துக்கொண்டு இரவல் துணியில் வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. சோதித்துப் பார்த்துப் பன்னிரண்டு பக்க அறிக்கை கொடுத்தார்கள். வளர்ச்சித் தாமதம் என்று அதன் தலைப்பில் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து முருகேசனிடம் சண்டை போட்டேன்.

"நம்ம புள்ள நல்லாதானங்க இருக்கா. நாமதான அவளக் கெடுக்குறோம்? சொல்லிடுவோம்."

"சொன்னா மூணு பேரையும் மூட்ட கட்டி அனுப்பிடுவான். பொய்ப் பாஸ்போர்ட்டுன்னு கேசு வரும். ரெண்டு வருஷம் பொறு செல்வி, தானா எட்டிப் புடிச்சிருவா."

பொறுத்தேன். மஞ்சள் கதவு போட்ட சின்ன அறையில் அவளைத் தனியாக உட்காரவைத்துப் படம் காட்டிப் பேசப் பழக்கினார்கள். நான் வெளியே குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே அவள் தடுமாறுவது கேட்கும். இரண்டு மொழி சேர்ந்து பிள்ளையைக் குழப்புகிறது, வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள். நாங்கள் மறுத்துப் பேசுகிற இடத்தில் இல்லை. எங்களுக்கு இங்கிலீஷ் வராது. ஆகவே இரண்டு வருடம் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. தவிட்டு விளையாட்டும் அப்போதுதான் நின்றது.

வகுப்பில் ஒரு அட்டவணை மாட்டியிருந்தார்கள். பால்பல் விழுந்தால் பெயருக்கு நேரே காகிதப் பல் ஒன்றை ஒட்டுவார்கள். வருடக் கடைசியில் எல்லாப் பெயருக்கும் எதிரே வரிசையாகப் பல் இருந்தது. என் மகள் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து முன்பல்லைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஈறு சிவந்துவிட்டது.

"எனக்கு மட்டும் ஏன் விழலை?"

"விழும்டி."

"நான் எல்லாத்துலயும் லேட்" என்றாள். அதை அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. தன் செருப்பு நம்பர் சொல்வதுபோலச் சொன்னாள்.

உண்மையில் ஆறு வயது முடிந்து இரண்டாம் மாதம் அவளுக்குப் பல் விழுந்தது. நூல் பிடித்த மாதிரி சரியான காலம். அவள் வளர்ச்சியில் ஒரு நாளும் ஒன்றும் தாமதமாகவில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் அவள் பிறந்த நாளன்று பாயசம் வைப்பேன். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்பாள். சும்மா என்பேன். கேக்கும் மெழுகுவர்த்தியும் மார்ச் மாதத்துக்கு. மண்ணுக்குள் இருக்கிறவள் பிறந்த நாளில் மெழுகுவர்த்தியை ஊதிவிட்டு இவள் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொள்வாள். நான் பார்க்க முடியாமல் சமையலறைக்குள் போய்விடுவேன்.

முருகேசன் சொன்னதில் ஒன்று நடந்தது. பத்து வயதுக்குள் எழுத்திலும் படிப்பிலும் ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டாள். அதை அவளை நம்பவைக்கத்தான் எங்களால் முடியவில்லை. புத்தகத்தைத் திறக்கும் முன்பே "எனக்கு வராதும்மா" என்பாள். சின்ன வயதில் பல பேர் அக்கறையோடு, பொறுமையோடு, தினமும் சொல்லிக்கொடுத்த பாடம் அது. நன்றாகவே படிந்துவிட்டது.

5

பேப்பரில் பதின்மூன்றரை வயதானபோது, இன்னும் பெரியவளாகவில்லையே என்று குடும்ப டாக்டர் கவலைப்பட்டுப் பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். அவர் இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கை எலும்பைப் பார்த்தால் உடம்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரியுமாம்.

டாக்டர் கறுப்புப் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். அவள் கை, ஐந்து விரலோடு, வெள்ளையாகத் தெரிந்தது. எலும்புக்குப் பன்னிரண்டுகூட இன்னும் ஆகவில்லை, கிட்டத்தட்ட இரண்டு வருடம் பின்தங்கியிருக்கிறது, பயப்பட வேண்டாம், சில பிள்ளைகள் மெதுவாகத்தான் மலரும் என்றார். அன்றைக்கு அவளுக்குப் பன்னிரண்டுக்கு இரண்டு மாதம் குறைவு. எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரியாதது அந்த எலும்பு ஒன்றுதான்.

காரில் முருகேசன் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "எலும்பே காட்டிக் குடுத்துரும்போல இருக்கே. இந்த ஆளுகிட்ட இனிமே வர வேணாம்."

பின்சீட்டில் இருந்தவளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. எக்ஸ்ரே படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் தன் கையை வைத்துப் பொருத்திப் பார்த்தபடி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் தன் அறை ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினாள். நாலரை வருடம் அது அங்கேதான் இருந்தது. காலை வெயில் அதன் வழியாகத்தான் அவள் கட்டிலில் விழும்.

6

இந்த மார்ச்சில் கேக் வெட்டினோம். அதே வாரம் வாக்காளராகப் பதிவு செய்யச் சொல்லி அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. பள்ளியில் கடைசி வருடம். சாப்பாட்டு மேசையில் அவள் நிதானமாகச் சொன்னாள், படிப்பை விடப்போவதாகவும், தோழிகள் இரண்டு பேரோடு வேறு மாநிலத்துக்குப் போய்ச் சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கப்போவதாகவும்.

"ஏன்டி, இன்னும் எட்டு மாசம்தான? முடிச்சிட்டுப் போயேன்."

"படிப்பு எனக்கு வராதும்மா. வேலை வரும்."

முருகேசன் கத்தினார். கதவை அடைத்துவிடுவேன் என்றார்.

"முடியாதுப்பா. ஐ ஆம் எய்ட்டீன்."

அவள் சொன்னது சரி. சட்டப்படி அவளை நிறுத்த எங்களுக்கு உரிமை இல்லை. அந்த வயதை அவளுக்குக் கொடுத்ததே நாங்கள்தான். என் எதிரில் நின்றவளுக்குப் பதினாறு வயது நாலு மாதம். அவள் துணிமணி எடுத்துவைக்கப் போனாள். நான் பின்னாலேயே போய்க் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏரிக்கரை, பாஸ்போர்ட், திருச்சி, நர்ஸிடம் நீட்டிய இரண்டு விரல், பல், பாயசம். தமிழிலும் உடைந்த இங்கிலீஷிலுமாகச் சொல்லி முடித்தேன். வாசலில் முருகேசன் நின்றார். இந்தத் தடவை என்னைத் தடுக்கவில்லை.

அக்காவைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். பாஸ்போர்ட்டைப் பற்றிக் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஸ்லோ இல்லையா?"

"இல்லடி தங்கம். ஒரு நாளும் இல்ல."

"அந்த மஞ்சள் டோர் ரூம்... நீ வெளிய உக்காந்திருப்பியே. அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா உக்காந்திருந்தியா?"

ஆமாம் என்றேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.

மறுநாள் காலையில் ஒரு பையோடு கிளம்பிவிட்டாள். போலீஸைக் கூப்பிடலாம் என்று கையில் போனை எடுத்தேன். என்ன சொல்வது? பதினாறு வயதுப் பிள்ளை வீட்டை விட்டுப் போகிறாள் என்றால் அடையாள அட்டையைக் கேட்பார்கள். போனைக் கீழே வைத்தேன். பிறகு அவள் அறைக்குள் போனேன். பள்ளிக்கூடப் புகைப்படங்கள், பதக்கம், அறிக்கைகள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. பிறப்புச் சான்றிதழ் நகலைக்கூட விட்டுவிட்டாள். ஜன்னலில் டேப் ஒட்டிய தடம் மட்டும் நான்கு மூலையிலும் இருந்தது. எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

7

பயந்துகொண்டிருந்ததை இப்போது நாங்களே தேடிப்போய்ச் செய்கிறோம். வக்கீலைப் பார்த்தோம். குடியுரிமை போகலாம், போகாமலும் இருக்கலாம், முடிவு வரக் காலமாகும் என்றார். முருகேசன் தலையை ஆட்டினார், வந்தது வரட்டும் என்றார். ஆனால் மகளுடைய வயதைத் திருத்த மகளே கையெழுத்துப் போட வேண்டுமாம். அவள் மேஜர், அவளுக்காக நீங்கள் போட முடியாது என்றார் வக்கீல். மேஜர் இல்லை என்று எழுதிக்கொடுக்க மேஜராகக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு மாதம் போன் போட்டேன். எடுக்கவில்லை. உயிரோடுதான் இருக்கிறேன் என்று வாரம் ஒரு குறுஞ்செய்தி வரும், அப்பாவுக்கு.

போன வாரம் தம்பி குமார் பெரம்பலூரில் அலைந்து பழைய பதிவைக் கண்டுபிடித்தான். டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கு அங்கேயே பதிவு போட்டிருக்கிறார்கள். நாங்கள்தான் அதை ஒரு நாளும் போய் வாங்கவில்லை.

"பொண் கொழந்தைன்னு இருக்குக்கா. தேதி இருக்கு, ஓம் பேரு, மாமா பேரு இருக்கு. பேருங்குற கட்டம் மட்டும் காலியா கெடக்கு. ஆபீஸ்ல என்ன பேருன்னு கேக்குறாங்க. என்னக்கா எழுதச் சொல்ல?"

சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நேற்றுக் காலை, அவள் பிறந்த நாளில், அந்தப் படத்தை அவளுக்கு அனுப்பினேன். கூடவே எதுவும் எழுதவில்லை. பாயசத்துக்குப் பாலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"இது நான்தானா?" என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல்.

"நீதான்டி."

"பேரு எடத்துல ஒண்ணுமே இல்லையே."

"இல்லம்மா."

கிடங்கில் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"அந்தத் தவுடு... நெஜமாவே குடுத்தீங்களா? இல்ல, சும்மா வெளையாட்டுக்குச் சொல்றதா?"

"நெஜமாதான் குடுத்தோம். ஒரு மொறம்."

நெறையவா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"குடுக்காம இருந்திருக்கலாம்மா. அந்தப் பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்டயே விட்டிருக்கலாம். அங்க எனக்கு வயசாவது சரியா இருந்திருக்கும்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அணைக்கவில்லை. அழுதுகொண்டே, கையெழுத்துப் போடுவாயா என்று கேட்டேன்.

"போடுறேன். பேப்பர அனுப்பு."

"ஆபீஸ்ல பேரு கேக்குறாங்கம்மா. குமார் மாமா காத்துக்கிட்டு இருக்கான். என்ன பேரு எழுதச் சொல்லட்டும்?"

"நீங்க யாரும் வைக்க வேணாம்" என்றாள். "யோசிச்சு நானே சொல்றேன்."

இன்று காலை குமார் மறுபடியும் கேட்டான். அவள் இன்னும் சொல்லவில்லை, அந்தக் கட்டம் அப்படியே இருக்கட்டும் என்றேன்.